மீனம்பாக்கமா, பரந்தூரா, இரண்டுமா? சென்னை விமான நிலையத்தின் அடுத்த இருபது ஆண்டுகள்

2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள பரந்தூரின் பெயர் அறிவிக்கப்பட்டது முதல் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் குறித்த விவாதம் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கிறது. தொழில் வளர்ச்சி வேண்டும் என்பவர்கள் பரந்தூரை ஆதரித்தே ஆகவேண்டும் என்றும், விளைநிலமும் ஏரியும் காக்கப்பட வேண்டும் என்பவர்கள் அதை எதிர்த்தே ஆகவேண்டும் என்றும் எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டையும் விரும்புகிற வாசகர்கள்தான் அதிகம், அவர்களுடைய கேள்வியும் எளிதானது: இதில் எந்தப் பக்கம் நிற்பது?

பக்கத்தைத் தேடுவதற்கு முன் தெரிவுகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. நம் முன்னால் இருப்பவை இரண்டல்ல, நான்கு. இப்போதைய நிலையமான மீனம்பாக்கத்தையே அதன் எல்லை வரை விரிவாக்கலாம். பரந்தூரைக் கட்டி மீனம்பாக்கத்தை மூடலாம். இரண்டையும் சேர்த்து இயக்கலாம். சென்னைக்கு வரும் நெரிசலின் ஒரு பகுதியைத் திருச்சி, மதுரை, கோவை போன்ற நிலையங்களுக்குப் பிரித்து அனுப்பலாம்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் கொள்ளளவும் காலமும் சேர்ந்தது. எத்தனை பயணிகளைத் தாங்கும் என்பதோடு எந்த ஆண்டில் தாங்கும் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது, ஏற்றுமதித் தொழில்களுக்கு அது என்ன செய்யும் என்பது. மூன்றாவது, வீட்டிலிருந்து விமானத்தின் கதவு வரை ஆகும் நேரமும் பணமும். நான்காவது, நிலத்தையும் நீரையும் வீட்டையும் இழப்பவர் யார் என்பது. ஐந்தாவது, கட்டுமானச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்பது. இந்தக் கடைசிக் கேள்வி பொதுமேடைகளில் அபூர்வமாகவே கேட்கப்படுகிறது.

இந்த அளவுகோல்களுக்குள் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 2018-19 நிதியாண்டில் சென்னை விமான நிலையத்தை ஏறத்தாழ 2.25 கோடிப் பயணிகள் பயன்படுத்தினார்கள். 2024-25-இலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதே அளவில்தான் நின்றது. 2018-19-இல் சென்னைக்குக் கீழே இருந்த ஹைதராபாத் இதே இடைவெளியில் 2.9 கோடியை எட்டியது, பெங்களூரு 4.1 கோடியைத் தாண்டியது. இவ்வளவுக்கும் சென்னையில் 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டுவிட்டது. இடமில்லாததால்தான் சென்னை பின்தங்கியது என்ற வாதம் முழு உண்மையல்ல என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. எந்தப் பெரிய விமான நிறுவனமும் சென்னையைத் தன் முதன்மைத் தளமாகக் கொள்ளவில்லை. அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. காலை, நள்ளிரவு உச்ச நேரங்களில் நெரிசலும் மற்ற நேரங்களில் தளர்வுமாக நிலையம் இயங்குகிறது. இவற்றில் சிலவற்றைப் புதிய ஓடுபாதை சரிசெய்யும். சிலவற்றை அது தொடக்கூட முடியாது.

தெரிவு ஒன்று: மீனம்பாக்கத்தையே விரிவாக்குவது

மீனம்பாக்கத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,300 ஏக்கர். பெங்களூரு நிலையம் சுமார் 4,000 ஏக்கரிலும், ஹைதராபாத் நிலையம் சுமார் 5,500 ஏக்கரிலும் பரந்திருக்கின்றன. மீனம்பாக்கத்தை ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர் ரயில் பாதையும், மறுபுறம் அடையாறும், வடகிழக்கில் பரங்கிமலையும் இராணுவ நிலங்களும், தெற்கில் பல்லாவரம், பம்மல் பக்கத்துக் குன்றுகளும் சூழ்ந்து நெருக்குகின்றன. ஓடுபாதைகள் இரண்டு இருந்தாலும் அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், இரண்டிலும் ஒரே நேரத்தில் தடையின்றி விமானங்களை இயக்க முடியாது. இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதை முழுநீளத்துக்குப் பயன்படுத்துவதற்காக மணப்பாக்கம், கொளப்பாக்கம் பகுதிகளில் நிலம் எடுக்க முயன்றபோது எழுந்த எதிர்ப்பும் இழுபறியும் அந்த வட்டாரத்தில் இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஆனால் குறுக்கு ஓடுபாதை என்றதும் கதை முடிந்தது என்று சொல்வதற்கில்லை. மும்பை நிலையத்தின் ஓடுபாதைகளும் இதேபோல் ஒன்றையொன்று வெட்டுபவைதான். அந்த நிலையம் 2024-25-இல் 5.5 கோடிப் பயணிகளைக் கையாண்டது. தரையிறங்கிய விமானம் வேகம் குறையும் முன்பே ஓடுபாதையை விட்டு விலக உதவும் இணைப்புப் பாதைகள், போதுமான நிறுத்துமிடங்கள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் கறாரான நேர ஒழுங்கு ஆகியவற்றின் துணையோடு மும்பை இதைச் சாதித்தது. நவீனமயமாக்கல் முழுமையாக முடியும்போது சென்னை முனையங்களின் கொள்ளளவு ஆண்டுக்கு 3.5 கோடியாகும் என்பது அதிகாரபூர்வ இலக்கு. ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் 2.2 கோடி 3.5 கோடியாக ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடிக்கும். எட்டு ஆண்டு அவகாசம் என்பது சிறிய சொத்தல்ல, ஆனால் கைகட்டி உட்கார்ந்திருக்கப் போதுமானதும் அல்ல.

இந்தத் தெரிவின் மிகப் பெரிய பலம் பயணிகள் எளிதில் போய்ச்சேரலாம் என்பதே. மெட்ரோ ரயில் 2016 முதல் முனையத்தின் வாசலுக்கே வருகிறது. சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதன்மையானது வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரால் பெருகிய அடையாறு ஓடுபாதைக்குள் புகுந்தபோது நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. பயணிகள் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போதும் சேவைகள் மறுபடியும் நிறுத்தப்பட்டன. அடையாற்றின் கொள்ளளவைச் சீர்செய்யாமல் முனையத்தை மட்டும் பெரிதாக்கினால் பெரிதாவது வெள்ளச் சேதத்தின் மதிப்பும்தான். சுற்றுப்புறத்தில் வீடு கட்டுவோர் மீதான உயரக் கட்டுப்பாடு, இரவு நேர இரைச்சல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றின் விலையைப் பம்மலும் கொளப்பாக்கமும் அனகாபுத்தூரும் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகின்றன.

தெரிவு இரண்டு: பரந்தூருக்கு முழுமையாக மாறுவது

2008-இல் புதிய நிலையங்கள் திறந்தபோது பெங்களூருவில் எச்.ஏ.எல். நிலையமும் ஹைதராபாத்தில் பேகம்பேட்டையும் வழக்கமான பயணிகள் சேவைக்கு மூடப்பட்டன. எல்லா விமானங்களும் ஒரே இடத்துக்கு வந்ததால் இணைப்புப் பயணம் எளிதாயிற்று, விமான நிறுவனங்களும் தளம் அமைக்க முன்வந்தன. அந்த இரு நகரங்களின் பாய்ச்சலுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

சென்னையில் இதைச் செய்வது பெரும் இழப்பாக முடியும். 2,467 கோடி ரூபாய் மதிப்பிலான நவீனமயமாக்கலும் மெட்ரோ இணைப்பும் பாதி ஆயுள்கூட ஆகாமல் வீணாகும். நகர மையத்திலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவுக்கு ஒவ்வொரு பயணியும் போயாக வேண்டும் என்றால், மதுரைக்கோ கோவைக்கோ ஒரு மணி நேரத்துக்குள் பறப்பவர் விமானத்தில் இருப்பதைவிடக் காரில் அதிக நேரம் இருப்பார். அவர் பேசாமல் வந்தே பாரத்தில் ஏறிவிடுவார். இரு நிலையங்களும் தொடரும் என்றே அரசுத் தரப்பில் கூறப்பட்டு வந்திருப்பதால் இந்தத் தெரிவை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

தெரிவு மூன்று: இரண்டும் சேர்ந்து இயங்குவது

தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முன்னெடுத்த திட்டத்தின்படி பரந்தூருக்குத் தேவைப்படுவது 5,746 ஏக்கர். இதில் சுமார் 3,770 ஏக்கர் பட்டா நிலம். இணையான இரண்டு ஓடுபாதைகளோடு, கட்டம் கட்டமாக வளர்ந்து ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையமாக அது திட்டமிடப்பட்டது. 2022-இல் 20,000 கோடி ரூபாயாகச் சொல்லப்பட்ட மதிப்பீடு பின்னர் 27,000 கோடியைத் தாண்டியது. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கொள்கையளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலில் கிடைத்தது. பன்னூர், படாளம், திருப்போரூர் ஆகிய இடங்களும் பரிசீலிக்கப்பட்டன. படாளமும் திருப்போரூரும் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் அருகில் இருப்பதால் விலக்கப்பட்டன. பன்னூரில் குடியிருப்புகள் அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது.

பரந்தூருக்கு உண்மையான வலு சேர்ப்பது சரக்குப் போக்குவரத்துதான். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் பட்டையில் கார், கைப்பேசி, மின்னணுத் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. 2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் 41 விழுக்காடு. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் வரி உயர்வுக்கு முன்பாகவே சுமார் 600 டன் ஐபோன்களைத் தனிச் சரக்கு விமானங்களில் ஏற்றிச் சென்னையிலிருந்து அனுப்பியதாகச் செய்திகள் வந்தன. சுங்கச் சோதனை நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைத்துத் தந்ததும் அதே செய்தியில் இருந்தது. புதிய ஓடுபாதை எதுவும் இல்லாமல், மீனம்பாக்கத்திலேயே, நடைமுறையை மாற்றியே அந்த நேரம் மிச்சமானது என்பதைப் பரந்தூர் ஆதரவாளர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. விமானச் சரக்கு எல்லாமே தனிச் சரக்கு விமானங்களில் போவதில்லை. அதில் பெரிய பகுதி பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், பெட்டிகளோடு சேர்ந்து போகிறது. லண்டனுக்கோ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ செல்லும் அகல உடல் விமானங்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் சரக்கும் போய்ச்சேரும். அந்த விமானங்களை நிரப்ப உள்நாட்டு இணைப்பு விமானங்கள் வேண்டும். ஆகவே உள்நாட்டுச் சேவையை மீனம்பாக்கத்திலும் வெளிநாட்டுச் சேவையைப் பரந்தூரிலும் வைத்துக்கொள்ளலாம் என்று மேலோட்டமாகச் சொல்லப்படும் யோசனை சரக்குக்கும் கேடு, பயணிக்கும் கேடு.

கனடாவின் மான்ட்ரியல் நகரம் இதைச் செய்து பார்த்தது. 1975-இல் நகரத்துக்கு வெகு வெளியே மிராபெல் நிலையத்தைத் திறந்து வெளிநாட்டு விமானங்களை அங்கே அனுப்பியது. உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வல் நிலையத்திலேயே நின்றன. இரண்டையும் இணைக்க விரைவு ரயில் வரவேயில்லை. இணைப்புப் பயணிகள் டொரன்டோவுக்கு நகர்ந்தார்கள். 2004-இல் மிராபெலில் பயணிகள் சேவை நின்றுபோனது. விவசாயிகளிடமிருந்து எடுத்த நிலத்தின் பெரும்பகுதியைப் பின்னாளில் திருப்பித் தர நேர்ந்தது. மலேசியத் தலைநகர் கோலாலம்பூருக்காக 1998-இல் திறந்த செப்பாங் நிலையத்துக்கு 2002-இல் 28 நிமிட விரைவு ரயில் வந்தது. அந்த நிலையம் தழைத்தது. தூரம் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டுவதென்றால் 40 கி.மீ.க்கும் மேலான பாதை. அதன் செலவு தனி. நிலைய மதிப்பீட்டில் சேராத இந்தத் தொகையையும் சேர்த்தே பரந்தூரின் விலையைச் சொல்ல வேண்டும்.

நிலமும் நீரும் பற்றிய பகுதியை இழப்பீட்டுத் தொகை பற்றிய பேரமாகச் சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் 2022 முதல் ஆயிரம் நாட்களைக் கடந்தும் போராடினார்கள். கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நிலம் எடுக்கப் பயன்படும் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தில், 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திலுள்ள சமூகத் தாக்க மதிப்பீடும் நில உரிமையாளர்களின் ஒப்புதல் விதியும் இல்லை. சட்டப்படி இது செல்லும். ஆனால் கிராமத்தின் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லாததால் அந்தப் பேச்சு தெருவுக்கு வந்தது.

நீரின் கதை இன்னும் சிக்கலானது. திட்டப் பகுதியின் ஊடாகக் கம்பன் கால்வாய் ஓடுகிறது. பாலாற்று நீரை வழியிலுள்ள ஏரிகளுக்கு ஊட்டிக்கொண்டே அது ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூரின் உபரி செம்பரம்பாக்கத்தில் விழும். செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் விழும். அடையாறு மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் ஓடுகிறது. பரந்தூரில் மழைநீர் தங்கும் ஏரியையும் வயலையும் மேடாக்கினால், தங்கும் நீர் விரைந்து வடியும். அது கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்று பழைய விமான நிலையம். இரண்டையும் தனித்தனித் திட்டங்களாக ஆராய்வது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த நீர்வழியே போதும். நீர்நிலைகளை ஆராய அரசு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் குழு அமைத்தது சரியான செயல். ஓடுபாதைகளின் இடத்தை முடிவுசெய்த பிறகு நீரை ஆராய்வது வரிசை தலைகீழானது என்பது என் எண்ணம்.

காலக்கணக்கிலும் கவனம் தேவை. நவி மும்பைக்கு 2007-இல் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்தது, 2018-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, முதல் பயணிகள் விமானம் 2025 டிசம்பரில்தான் பறந்தது. கட்டுவதற்கு ஆகும் காலத்தைவிட நிலத்துக்காகக் காத்திருக்கும் காலம்தான் நீளமானது.

தெரிவு நான்கு: மாவட்டங்களுக்குப் பகிர்வது

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரியிலும், தூத்துக்குடியின் புதிய முனையம் 2025 ஜூலையிலும் திறக்கப்பட்டன. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகும் தஞ்சாவூர்க்காரர் இரவு முழுவதும் பேருந்தில் வந்து மீனம்பாக்கத்தில் காத்திருக்க வேண்டிய தேவை இதனால் குறையும். ஆனால் கட்டடம் மட்டும் போதாது. இருதரப்பு வான்சேவை ஒப்பந்தங்கள் பலவற்றில் மதுரையின் பெயர் இடம்பெறாததால், அந்தந்த நாட்டு விமான நிறுவனங்கள் விரும்பினாலும் அங்கே இறங்க முடியாது. இதைத் திருத்த ஒரு ஏக்கர் நிலமும் தேவையில்லை. டெல்லியில் அரசியல் அழுத்தம் தேவை. செலவே இல்லாத இந்தச் சீர்திருத்தம் ஏன் பின்வரிசையில் கிடக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தத் தெரிவுக்கும் எல்லை உண்டு: சென்னைச் சுற்றுவட்டாரத்தின் தேவையையோ ஸ்ரீபெரும்புதூர்ச் சரக்கையோ இது தீர்க்காது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | மீனம்பாக்க விரிவாக்கம் | பரந்தூர் மட்டும் | இரண்டும் | மாவட்டங்களுக்குப் பகிர்வு |
|---|---|---|---|---|
| கொள்ளளவு | 3.5 கோடி, நல்ல மேலாண்மையில் கூடலாம் | நீண்டகாலத்தில் 10 கோடி | மிக அதிகம் | சென்னையின் சுமை ஓரளவு குறையும் |
| பலன் கிடைக்கும் காலம் | சில ஆண்டுகள் | பத்தாண்டு அளவில் | பத்தாண்டு அளவில் | உடனே தொடங்கலாம் |
| சரக்கு | நடைமுறை மாற்றத்தால் மேம்படும் | தொழிற்பட்டைக்கு அருகில் | பிரிக்கும் முறையைப் பொறுத்தது | சிறிய பங்கு |
| போய்ச்சேரல் | மெட்ரோ, ரயில் உண்டு | ரயில் இல்லாவிட்டால் கடினம் | பயணிக்குத் தெரிவு உண்டு | மாவட்டத்தாருக்கு மிக எளிது |
| நிலம், நீர் | வெள்ள அபாயம். சிறிய நில எடுப்பு | கிராமங்கள், ஏரிகள், கம்பன் கால்வாய் | அதே இழப்பு | ஓடுபாதை நீட்டிப்புக்கு மட்டும் |
| மறைவுச் செலவு | அடையாற்றுச் சீரமைப்பு | பழைய முதலீடு வீண் | மெட்ரோ, இரட்டைப் பராமரிப்பு | ஒப்பந்தத் திருத்தத்துக்கான முயற்சி |

எந்தச் சூழலில் எது

பயணிகள் வளர்ச்சி கடந்த ஆறு ஆண்டுகளைப் போலவே மந்தமாக இருந்தால் மீனம்பாக்கமும் மாவட்ட நிலையங்களும் போதும். பரந்தூர் வெறும் கடன்சுமையாகும். இலங்கையின் மத்தள நிலையம் 2013-இல் திறந்து விமானங்களுக்காகக் காத்துக்கிடப்பதை நாம் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள். ஆண்டுக்கு 8 அல்லது 10 விழுக்காடு வளர்ச்சி தொடர்ந்து வந்தால் மீனம்பாக்கம் 2030-களின் தொடக்கத்திலேயே மூச்சுத் திணறும். அப்போது இரண்டாவது நிலையம் இல்லாதது தொழில்களைக் கர்நாடகத்துக்கும் தெலங்கானாவுக்கும் தள்ளும்.

ஆகவே என் தெரிவு, முதலும் நான்கும் இன்றே, மூன்றாவது நிபந்தனையோடு. மீனம்பாக்கம் 3 கோடியைத் தொடும் ஆண்டைக் கட்டுமானத்தின் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே கம்பன் கால்வாயையும் பெரிய ஏரிகளையும் தவிர்க்கும் வகையில் வரைபடத்தைச் சுருக்கி, கிராம சபைகளோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சமூகத் தாக்க மதிப்பீட்டை நடத்துவதை எதுவும் தடுக்கவில்லை. கட்டினால் முதலில் சரக்கு விமானங்களுக்குத் திறக்கலாம். அவற்றுக்கு மெட்ரோ தேவையில்லை. பயணிகள் சேவையைப் பிரிக்கும்போது உள்நாடு, வெளிநாடு என்று பிரிக்காமல், ஒரு விமான நிறுவனத்தின் எல்லாச் சேவைகளும் ஒரே நிலையத்தில் இருக்கும்படி பிரிக்க வேண்டும்.

செலவை ஏற்பவர் யார் என்ற கேள்விக்கான விடை ஒப்பந்தத்தில் இருக்கும். பெரிய நிலையங்களின் கட்டணங்களை விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. முதலீடு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பயனர் மேம்பாட்டுக் கட்டணம் பயணச்சீட்டில் ஏறும். அதைவிட முக்கியமானது போட்டித் தடை விதி. பெங்களூரு நிலையத்தைக் கட்டிய நிறுவனத்துக்கு, 150 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் 2033 வரை வேறு புதிய நிலையம் வராது என்ற பாதுகாப்பு அளிக்கப்பட்டது; ஓசூரில் நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு இன்றும் அது ஒரு முட்டுக்கட்டை. பரந்தூரைக் கட்ட முன்வரும் தனியார் நிறுவனம், மீனம்பாக்கத்தின் பயணிகள் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்கக்கூடும். அந்த வரம்பு ஒப்பந்தத்தில் நுழைந்துவிட்டால், மேடையில் மூன்றாவது தெரிவு என்று சொல்லப்படுவது நடைமுறையில் மெல்ல மெல்ல இரண்டாவது தெரிவாக மாறும். ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் வெளியாகும் நாளில் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.